மூட்டையின் சொந்தக்காரி

“மூட்டை இருந்துச்சா, அதை மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றார் வக்கீல்.

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். இடது கையை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள். அந்தக் கை மணிக்கட்டுக்குக் கீழே மடங்காது. விரல் ஐந்தும் இருக்கின்றன, ஆனால் எதையும் பிடிக்காது. “எந்த மூட்ட?” என்றாள்.

2012 புரட்டாசியில் நடந்தது அது. சம்பா நடவுக்காக எங்கள் சேரியிலிருந்து பதினாலு பெண்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு குட்டி யானையில் ஏறிப் போனார்கள். ஏரிக்கரை வளைவில் வண்டி சரிந்தது. யாரும் சாகவில்லை. ஒன்பது பேருக்குச் சிராய்ப்பு, ஐந்து பேருக்கு எலும்பு முறிவு. அந்த ஐந்து பேரில் அத்தையும் ஒருத்தி. நான் அப்போது பி.எட். முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். தெருவில் படித்தவன் என்பதால் ஐந்து பேருடைய காகிதங்களும் என் கைக்கு வந்தன. முதல் தகவல் அறிக்கை நகல், ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்றிதழ், வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நான் நடந்த நடைக்குக் கணக்கில்லை.

வக்கீலும் நம்மவர்தான். முதல் தலைமுறைப் படிப்பு. நம்மை ஏமாற்றிப் பிழைக்கிற ஆளில்லை. அவர் விளக்கியது இதுதான். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகிற ஆளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை. 1988ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இல் ஒரு திருத்தம் வந்தது. சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ போனால் அவருக்குக் காப்பீடு உண்டு என்று அது சொல்கிறது. வண்டியில் வேலை செய்கிற ஆளாக இருந்தால் ஒரு அளவுக்கு உண்டு. இரண்டும் இல்லாமல் வெறும் ஆளாக ஏறினவருக்கு? 1999இல் உச்ச நீதிமன்றம் உண்டு என்றது. 2002 டிசம்பரில் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அதை மாற்றி, இல்லை என்றது. “அதனாலதான் கேக்கறேன். ஆளுக்கு ரெண்டு மூட்டை மல்லாட்டை ஏத்திக்கினு சந்தைக்குப் போனீங்கன்னு வச்சுக்குவோம்” என்றார்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னிடம்தான் கேட்டாள். “ஏன்டா, மூட்டைக்கு அதுல எடம் இருக்குது. எனக்கு எடமில்லியா?”

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் இத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். கட்டுரையாக எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியதே இப்போதுதான்.

கம்பெனியைத் திட்டுவது சுலபம். பிரீமியம் வாங்காத ஆளுக்கு நான் ஏன் பணம் தரவேண்டும் என்று அது கேட்டால் அதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சரக்கு வண்டிக்கு வாங்கின பிரீமியம் சரக்கு வண்டிக்கானது. நீதிமன்றமும் சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் படித்தது. ஆனால் பெண்கள் ஏன் குட்டி யானையில் ஏறினார்கள் என்ற கேள்வி அந்தத் தீர்ப்பாயத்தில் ஒரு தடவைகூட எழவில்லை. எங்கள் ஊருக்கு முதல் பஸ் ஏழு நாற்பதுக்கு வரும். அதுவும் ஊரோடு திரும்பிவிடும், சேரிக்கு வராது. நடவு ஆறு மணிக்கு ஆரம்பம். ஏழு மணிக்குப் போய் நிற்கிறவளை நிலத்துக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். 2021லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நல்ல காரியம். ஆனால் ஐந்து மணிக்கு வராத பஸ்ஸில் டிக்கெட் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? வண்டியைப் பிடித்தது மேஸ்திரி, வாடகை தந்தது நிலத்துக்காரர், ஏறச் சொன்னது டிரைவர். இதில் “சும்மா ஏறினவள்” என்கிற பெயர் மட்டும் அத்தைக்கு வந்து சேர்ந்தது.

பொய் சொல்லலாமா? கேள்வியை நேராகவே வைத்துக்கொள்வோம். தத்துவம் படித்தவர்கள் காண்ட்டைச் சொல்வார்கள். உன் நண்பனைக் கொல்ல வந்தவன் வாசலில் நின்று, அவன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். நமக்குக் காண்ட் வரைக்கும் போகவேண்டியதில்லை, அரிச்சந்திரன் இருக்கிறான். எங்கள் பக்கத்தில் சுடுகாட்டுக்குப் போகிற வழியில் அரிச்சந்திரன் கல் உண்டு. அங்கே பாடையை இறக்கிவைத்து, வெட்டியான் பாடி, அனுமதி வாங்கின பிறகுதான் பிணம் உள்ளே போகும். கூத்தில் மயான காண்டம் விடிய விடிய நடக்கும். அத்தை ஒவ்வொரு தடவையும் அழுவாள். நானும் சிறுவனாக இருந்தபோது அழுதவன்தான். பிறகு படிக்கப் படிக்க ஒன்று உறைத்தது. உண்மைக்காக ஒரு ராஜா எவ்வளவு கீழே இறங்கினான் என்று காட்ட அந்தக் கதை தேடிப் பிடித்த கடைசிப்படி எது? சுடுகாட்டில் பிணம் சுடுகிற வேலை. அதாவது என் தாத்தா தினமும் செய்த வேலை. ராஜாவுக்கு அது சத்திய சோதனை, என் தாத்தாவுக்கு அது மாசக் கூலி. அவன் சோதனை முடிந்து அரண்மனைக்குத் திரும்பிவிட்டான். தாத்தா அங்கேயே இருந்தார்.

ஆகவே உண்மை பேசுவது என்பது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைக்கிற சரக்கு இல்லை என்று அன்றைக்கு நான் முடிவு செய்தேன். சட்டம் அத்தையை ஆளாக ஏற்கவில்லை, மூட்டைக்காரியாக ஏற்கிறது. அப்படியானால் மூட்டைக்காரியாகவே போகட்டும். ஏற்கனவே பொய்யாக இருக்கிற ஒரு இடத்தில் பொய் சொல்வது பொய்யா? இப்படித்தான் எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். ஒரு வாரம் அத்தைக்குச் சொல்லிக்கொடுத்தேன். “ரெண்டு மூட்டை. மல்லாட்டை. சந்தைக்கு.” அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தாள்.

மனுவை 2013இல் தாக்கல் செய்தோம். மனுவில் பெயர், வயது, தொழில், மாத வருமானம், காயத்தின் தன்மை என்று வரிசையாகக் கேட்டிருந்தது. சாதி கேட்கவில்லை. அதைப் பார்த்து ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மனுஸ்மிருதியின் பதினோராம் அத்தியாயத்தில் கொலைக்குப் பிராயச்சித்தம் வருகிறது. கொல்லப்பட்டவன் சத்திரியன் என்றால் ஆயிரம் பசு, வைசியன் என்றால் நூறு, சூத்திரன் என்றால் பத்து. பசுக்கள் போகிற இடம் செத்தவன் வீடு அல்ல, பிராமணன் வீடு. அதற்கடுத்த சுலோகத்திலேயே பூனை, தவளை, நாய், காக்கை இவற்றைக் கொன்றாலும் சூத்திரனைக் கொன்றதற்கான அதே பிராயச்சித்தம் என்று இருக்கிறது. நாம் அந்தப் பட்டியலில் எந்த வரியில் வருகிறோம் என்று தேடவேண்டிய அவசியம்கூட இல்லை. 1927 டிசம்பர் 25ஆம் தேதி மகாத்தில் அம்பேத்கரும் தோழர்களும் அந்தப் புத்தகத்தை எரித்தார்கள். எரித்த சாம்பலிலிருந்து வந்த குடியரசின் படிவத்தில் சாதிக்குக் கட்டமில்லை என்பது சின்ன விஷயம் இல்லைதான்.

ஆனால் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதினேன். மாத வருமானம் என்ற இடத்துக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று சொல்கிறேன். மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கவேண்டும். அதை வயதுக்கு ஏற்ற பெருக்கெண்ணால் பெருக்கவேண்டும். 2009இல் உச்ச நீதிமன்றம் அதற்கொரு அட்டவணை தந்தது. 15 வயதிலிருந்து 25 வரை 18. 46லிருந்து 50 வரை 13. 65க்கு மேல் 5. வருகிற தொகையில் ஊனத்தின் சதவீதத்தை எடுத்தால் அதுதான் அந்தக் கையின் விலை. அத்தைக்கு அப்போது 46 வயது. மாதம் 6,000 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 72,000, பதின்மூன்றால் பெருக்க 9,36,000. மருத்துவக் குழு 35 சதவீத ஊனம் என்றது. அப்படியானால் 3,27,600 ரூபாய். அதே கை, அதே முறிவு, அதே 46 வயது. மாதம் 60,000 வாங்குகிற ஒரு அதிகாரியின் கையாக இருந்தால் 32,76,000 ரூபாய்.

இது நியாயம்தானே, இழந்த வருமானத்தைத்தானே ஈடு செய்கிறோம் என்பார்கள். சரி. ஆனால் 6,000 எங்கிருந்து வந்தது, 60,000 எங்கிருந்து வந்தது? அத்தைக்குப் பத்து தலைமுறையாக நிலம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. அதனால் 6,000. அந்தப் பறிப்புக்கு யாரும் ஈடு தரவில்லை. அதே பறிப்பை அளவுகோலாக்கி அவள் கையை அளக்கிறார்கள். மனுவுக்குப் பசுவின் எண்ணிக்கையை நேராக எழுதும் தைரியம் இருந்தது. இங்கே பெருக்கல் வாய்ப்பாடு அதைச் செய்கிறது. இந்தக் கணக்கில் மற்ற சாதி ஏழைகளும்தான் மாட்டுகிறார்கள், மறுக்கவில்லை. கூலி என்கிற சொல்லுக்குள் எங்கள் தெரு முழுக்க இருக்கிறது, ஊர்த்தெருவில் பாதியாவது வெளியே இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டு வேலைக்கு என்ன கணக்கு என்று தெரிந்தால் சிரிப்பீர்கள். 1994இல் சேர்த்த அட்டவணை ஒன்று, சம்பாதிக்காத ஆளுக்கு வருடத்துக்கு 15,000 ரூபாய் என்றும், மனைவிக்குப் புருஷன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றும் எழுதிவைத்திருந்தது. 2010இல் உச்ச நீதிமன்றமே அதைக் கண்டித்தது. அத்தையின் புருஷன் செத்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. பூஜ்யத்தில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு?

நல்ல தீர்ப்புகளும் இல்லாமல் இல்லை. 2011இல் ஒரு கூலித் தொழிலாளி வழக்கில், காகிதம் இல்லை என்பதற்காக அவன் சொன்ன 4,500 ரூபாயைத் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முந்தைய வருடம் இன்னொரு தீர்ப்பு, உடம்பின் ஊனம் வேறு, பிழைப்பின் ஊனம் வேறு என்று பிரித்தது. இடது கை போனால் டிரைவருக்கோ தச்சனுக்கோ பிழைப்பே நூறு சதவீதம் போய்விடலாம், அரசாங்க குமாஸ்தாவுக்கு வேலை போகாமலே இருக்கலாம். எங்கள் வக்கீல் இதைத்தான் பிடித்துக்கொண்டார். நடவு நடுகிறவள் நாற்று முடியை இடது கையில்தான் வைத்திருப்பாள். வலது கை நடும். இடது கையின் கட்டைவிரல்தான் நாலைந்து நாற்றாகப் பிரித்துத் தள்ளிவிடும். அந்தக் கை இல்லையென்றால் நடவு இல்லை, அறுப்பில் தாளைப் பிடிக்க முடியாது, மல்லாட்டை ஆயமுடியாது. ஆகவே பிழைப்பின் ஊனம் 80 சதவீதம், 7,48,800 ரூபாய் தரவேண்டும் என்று வாதாடினார். நாற்று முடி என்றால் என்ன என்று கோர்ட்டில் கேட்டார்கள். அவர் ஒரு பேனாக் கட்டைக் கையில் பிடித்துக் காட்டினார்.

கம்பெனி வக்கீல் அத்தையின் நூறு நாள் வேலை அட்டையை எடுத்து நீட்டினார். 2012இல் தமிழ்நாட்டில் அந்த வேலையின் நாள்கூலி 132 ரூபாய். நூறு நாளுக்கு 13,200. “இதுதான் இவர் வருட வருமானம்.” சாப்பாட்டுக்கு வழிசெய்ய வந்த அட்டை கையின் விலையைக் குறைக்கவும் உதவும் என்று யாருக்குத் தெரியும்?

2015இல் அத்தை கூண்டில் ஏறினாள். ஐந்து மனுக்களையும் ஒன்றாகச் சேர்த்து விசாரித்தார்கள். ஐந்துக்கும் ஒரே சாட்சியம், ஒரே உத்தரவு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

“வண்டியில என்ன கொண்டு போனீங்க?”

“ரெண்டு மூட்ட மல்லாட்ட.”

“உங்க நிலத்துல வெளஞ்சதா?”

அத்தை பேசவில்லை.

“உங்களுக்கு நிலம் இருக்கா அம்மா? பட்டா இருக்கா?”

“இல்லீங்க.”

“நிலமே இல்லாதவங்க கிட்ட மல்லாட்டை மூட்டை எப்படி வந்துச்சு?”

நாங்கள் சொல்லிக்கொடுத்த பொய்யில் அந்த ஓட்டை இருந்ததை நானும் பார்க்கவில்லை, வக்கீலும் பார்க்கவில்லை. எங்களுக்கு ஒரு பொய்கூடச் சரியாகச் சொல்ல வரவில்லை, ஏனென்றால் அந்தப் பொய்க்கும் ஒரு காணி நிலம் வேண்டும். கூலியாக அளந்தது என்று சொல்லியிருக்கலாம், விலைக்கு வாங்கினது என்று சொல்லியிருக்கலாம். வெளியே வந்து வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு இதைத்தான் சொன்னார். ஆனால் கூண்டில் நின்றவளுக்கு அது தோன்றவில்லை, அல்லது தோன்றியும் சொல்லவில்லை. மடங்காத கையை முந்தானையிலிருந்து வெளியே எடுத்துக் கட்டைமேல் வைத்தாள்.

“மூட்டையெல்லாம் இல்லீங்க ஐயா. நடவுக்குப் போனோம். ஆளாத்தான் போனோம்.”

2016இல் உத்தரவு வந்தது. டிரைவரின் அஜாக்கிரதைதான் காரணம். சரி. ஆனால் மனுதாரர்கள் சரக்கு வண்டியில் பயணிகளாகப் போயிருப்பதால் கம்பெனி விடுவிக்கப்படுகிறது, வண்டிச் சொந்தக்காரரே தரவேண்டும். அத்தைக்குப் பெருக்கெண் முறையையும் ஒதுக்கிவிட்டார்கள். வேறு வேலை செய்யலாம் என்று சொல்லி ஒரு சதவீதத்துக்கு 3,000 வீதம் 35 சதவீதத்துக்கு 1,05,000 ரூபாய். வலி வேதனைக்கு 25,000. சத்துணவுக்கு 5,000. போக்குவரத்துக்கு 5,000. மூன்று மாத வருமான இழப்பு 18,000. மருத்துவச் செலவுக்கு ஒன்றுமில்லை. அரசு ஆஸ்பத்திரியில் பார்த்ததால் பில் இல்லை. பில் இல்லாத வலி பாதி வலிதான் போலிருக்கிறது. ஆக மொத்தம் 1,58,000 ரூபாய், மனு போட்ட நாளிலிருந்து ஏழரை சதவீத வட்டியோடு, வண்டிக்காரரிடமிருந்து.

வண்டிக்காரர் ஊர்த்தெரு ஆள்தான். பெரிய ஆள் இல்லை. கடனில் வாங்கின வண்டி, தவணை கட்டாததால் பைனான்ஸ்காரன் அதற்கு முன்பே தூக்கிக்கொண்டு போய்விட்டான். அரை ஏக்கர் நிலம் பெண்டாட்டி பேரில். ஐந்து குடும்பத்துக்கும் அவரிடமிருந்து வந்தது காகிதம்தான். நிறைவேற்று மனு போட்டால் ஊரில் ஒருவரும் நடவுக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று மேஸ்திரி வந்து நல்லவிதமாகச் சொல்லிவிட்டுப் போனார். கம்பெனி முதலில் கட்டிவிட்டு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் வழிகாட்டியிருக்கிறது. அதைக் கேட்டு மேல்முறையீடு போட்டோம். நிலுவையில் இருக்கிறது.

உத்தரவு வந்த அன்று சாயங்காலம் மற்ற நாலு பேரும் அத்தை வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அதில் ஒருத்திக்கு இடுப்பில் தகடு வைத்திருக்கிறது. உட்கார முடியாது, நின்றுகொண்டேதான் பேசினாள். “நீ யோக்கியமா இருந்துக்கோ. உன் ஒரு வாய்க்கு நாங்க நாலு பேரும் ஏன் பலியாவணும்? என் இடுப்புக்கும் சேத்து நீ எப்பிடி உண்மை சொன்ன?”

நான் பதில் சொல்லப் போனேன். அத்தை தடுத்துவிட்டாள். அவர்கள் பேசி முடிக்கிறவரை நின்று கேட்டாள்.

இங்கேதான் என் பழைய வாதமெல்லாம் நொண்டியடிக்கிறது. அத்தை செய்ததை மானம் என்று சொல்லிக் கொண்டாட எனக்கு ஆசைதான். நாம் அப்படிப்பட்ட கதைகளை எழுதுகிறவர்கள்தானே? அவளை ஒரு அரிச்சந்திரியாக்கி ஒரு கல்லும் நட்டுவிடலாம். ஆனால் இடுப்பில் தகடு வைத்தவளின் கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஒருத்தியின் உண்மை இன்னொருத்தியின் மருந்துச் செலவை எடுத்துவிட்டால் அந்த உண்மை யாருடைய சொத்து? தனி மனிதர்களாக நம்மை எங்கேயும் விடுவதில்லை. ஏற்றும்போது பதினாலு பேரை ஒன்றாக ஏற்றுகிறார்கள், விசாரிக்கும்போது ஐந்து பேரை ஒன்றாக விசாரிக்கிறார்கள். சத்தியத்தை மட்டும் தனித்தனியாகப் பேசச் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், அன்றைக்கு அத்தை பொய்யில் நின்றிருந்தால், தான் வெறும் ஆளாகப் போனேன் என்று அந்த நீதிமன்றத்தில் பதிவாகவே ஆகியிருக்காது. அந்தப் பதிவால் என்ன பயன் என்று கேட்டால், சட்டென்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

அவளுக்குப் பொய் சொல்லிக்கொடுத்தவன் நான். கூண்டில் நின்றவள் அவள். என் பொய் உடைந்தபோது அவமானம் அவளுக்கு வந்தது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. படித்தவன் செய்கிற உதவியின் லட்சணம் இது. இதைச் சொல்லாமல் மனுவையும் சட்டத்தையும் மட்டும் குற்றம் சொல்லி எழுதினால் அது யோக்கியமான கட்டுரையாக இருக்காது.

2019இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2022 ஏப்ரல் 1லிருந்து நடப்புக்கு வந்த பிரிவுகளில் ஒன்று, யார் தவறு என்று நிரூபிக்காமலே சாவுக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்கிறது. கலெக்டருக்கும் கூலிக்கும் அதில் ஒரே தொகை. வருமானம் கேட்காத ஒரு வரி அந்தச் சட்டத்தில் இருப்பதைப் படித்தபோது அத்தையிடம் போய்ச் சொன்னேன். “மூட்டை கேக்குதா அது?” என்றாள். சரக்கு வண்டியில் ஏறின ஆளின் நிலைமையை அது மாற்றவில்லை என்றேன். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் இப்போது ஒற்றைக் கையால் பள்ளிக்கூடச் சத்துணவுக்கூடத்தில் அரிசி களைந்து கொடுக்கிறாள். சம்பளம் இல்லை, சோறு உண்டு. இடுப்பில் தகடு வைத்தவள் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. தண்ணீர்க் குழாயில் அத்தை நின்றால் அவள் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நிற்கிறாள். அத்தை தன் முறை வரும்போது அந்தக் குடத்தை முதலில் நிரப்பி வைத்துவிட்டு வருகிறாள். அதை அவள் எடுத்துக்கொண்டு போகிறாள்.

போன மாதம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பையன் வந்தான். கரும்பு வெட்டப் போன டிராக்டர் டிரெய்லர் கவிழ்ந்து அவன் அம்மாவுக்குக் கால் போய்விட்டது. யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். காகிதங்களையெல்லாம் பார்த்தேன். மனு போட ஆறு மாதம்தான் கெடு, அதில் நாலு மாதம் போய்விட்டிருந்தது. அதே வக்கீலுக்குப் போன் போட்டேன். அவருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, குரலும் தளர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்தம்மா டிரெய்லர்ல எதுக்கு ஏறுச்சு? என்னன்னு எழுதலாம்? பையனைக் கேட்டுச் சொல்லுங்க” என்றார்.

பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “அண்ணே, என்னன்னு சொல்லணும்?” என்றான். திண்ணையில் அத்தை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.